பிளஸ் டூ வேதியியல் செய்முறை: முறித்தலில் மதிப்பெண் போவது கழுவும்போதுதான்

ரிசல்ட் வந்துவிட்டது. செய்முறை மதிப்பெண் குறையாமல் வந்த நிம்மதி ஆறுவதற்குள், அடுத்து எழுதப்போகிறவர்களுக்காக இது.

முறித்தலில் (டைட்ரேஷன், ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு இன்னொன்றின் அளவைக் கண்டுபிடிப்பது) சோடியம் ஹைட்ராக்சைடு வந்தால் தைரியமாக இருங்கள். வலிமையான அமிலமும் வலிமையான காரமும் மோதும் முறித்தல் அது. கரைசல்கள் 0.1 நார்மல் (செறிவின் அலகு) பக்கம் இருந்தால், முடிவு நிலைக்கு ஒரு சொட்டு முன்பு பிஹெச் 10 அளவில் நிற்கும். ஒரு சொட்டு தாண்டினால் 4க்கு இறங்கிவிடும். பினாப்தலீன் நிறங்காட்டியின் இளஞ்சிவப்பு சட்டென்று மறையும், சந்தேகத்துக்கே இடமில்லை. ரீடிங் கெடுவதெல்லாம் அதற்கு முன்னால், பாத்திரம் கழுவும்போதே நடந்துவிடுகிறது.

பியூரெட்டை (அமிலத்தைச் சொட்டவிடும் அளவுக் குழாய்) வாலை வடிநீரில் கழுவியபின், ஊற்றப்போகும் அமிலத்திலும் அலசவும். பிப்பெட்டும் (20 மி.லி. உறிஞ்சி எடுக்கும் குழாய்) அப்படியே, எடுக்கப்போகும் கரைசலில் அலசவும். கூம்புக் குடுவைக்கு வடிநீர் மட்டும். இந்த மூன்றாவதில்தான் பலர் வழுக்குகிறார்கள். குடுவையையும் காரத்தில் அலசி 1 மி.லி. உள்ளே தங்கினால், 20 மி.லி.க்குப் பதில் 21 மி.லி. காரத்தை முறிக்கிறீர்கள். 18.4 வரவேண்டிய ரீடிங் 19.3 ஆகும், நேராக 5 சதவீதப் பிழை. வடிநீர் எவ்வளவு ஒட்டியிருந்தாலும் கவலையில்லை, காரத்தின் அளவு அதனால் மாறாது. சுவரில் தெறித்த சொட்டை வடிநீர் விட்டு உள்ளே இறக்குவதும் அதனால்தான் தவறில்லை.

பியூரெட் விஷயம் கொஞ்சம் நுணுக்கமானது. ஹைட்ரோகுளோரிக் அமிலம் இங்கே இணைப்புக் கரைசல்: முதல் முறித்தலில் செறிவு தெரிந்த சோடியம் கார்பனேட்டால் அதன் செறிவைக் கண்டுபிடித்து, இரண்டாவதில் அதைக் கொண்டு காரத்தை அளக்கிறோம். அது முழுக்க ஒரே மாதிரி நீர்த்திருந்தால் இரண்டு முறித்தலிலும் ரீடிங் ஒரே விகிதத்தில் ஏறி, கணக்கில் அடிபட்டுப் போகும். ஈரமான பியூரெட்டில் அப்படி நடக்காது. முதலில் நிரப்பும் அமிலம்தான் அதிகம் நீர்க்கும். முதல் முறித்தலின் ரீடிங் மட்டும் ஏறி, அமிலத்தின் நார்மாலிட்டி குறைவாக வந்து, கடைசியில் காரத்தின் எடையும் குறையும். பிப்பெட்டும் அதே கதை. சோடியம் கார்பனேட் எடுத்தபின் வடிநீரில் மட்டும் கழுவிவிட்டு சோடியம் ஹைட்ராக்சைடை உறிஞ்சினால், இரண்டாவது மட்டும் நீர்க்கும்.

நிறங்காட்டியை மாற்றிப் போட்டுவிடாதீர்கள். சோடியம் கார்பனேட்டுக்கு மெத்தில் ஆரஞ்சுதான். பினாப்தலீன் போட்டால் பைகார்பனேட் நிலையிலேயே நிறம் போய்விடும், 19.2 வரவேண்டிய இடத்தில் 9.6 வரும். ரீடிங் பாதியாக வந்தால் வேறெதையும் தேடவேண்டாம், இதுதான்.

மற்றவை வேகமாக:

- பியூரெட் முனையில் காற்றுக்குமிழ் இருந்தால் குழாயை முழுக்கத் திறந்து வெளியேற்றியபின் பூஜ்ஜியம் வைக்கவும்.
- நிரப்பியதும் புனலை எடுத்துவிடவும். அதிலிருந்து விழும் சொட்டு ரீடிங்கில் சேரும்.
- பிப்பெட்டின் கடைசிச் சொட்டை ஊதவே கூடாது. முனையைக் குடுவைச் சுவரில் தொட்டால் போதும்.
- நிறங்காட்டி ஒன்றிரண்டு சொட்டு. ஒவ்வொரு தடவையும் அதே எண்ணிக்கை.
- குடுவைக்கு அடியில் வெள்ளை ஓடு. மெத்தில் ஆரஞ்சுக்கு இது கட்டாயம்.
- சோடியம் ஹைட்ராக்சைடை மூடியே வையுங்கள். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கொஞ்சம் கொஞ்சமாக அதைக் கார்பனேட் ஆக்கும்.

முதல் ரீடிங்கைத் தோராயமாக வேகமாக எடுத்துவிடுங்கள். அடுத்ததில் அதற்கு 1 மி.லி. முன்புவரை தாராளமாக விட்டு, அங்கிருந்து சொட்டுச் சொட்டாக. இரண்டு ரீடிங் ஒத்துவந்ததும் நிறுத்திக்கொண்டு சால்ட்டுக்கு (உப்புப் பகுப்பாய்வு) போங்கள். நேரம் தின்பது அதுதான்.

கணக்கு மாதிரி: கார்பனேட் 0.1 நார்மல், 20 மி.லி.க்கு அமிலம் 19.2 மி.லி. என்றால் அமிலம் 0.1042 நார்மல். காரம் 20 மி.லி.க்கு அமிலம் 18.4 மி.லி. என்றால் காரம் 0.0958 நார்மல். இதோடு நிறுத்தாதீர்கள். கேட்பது 250 மி.லி.யில் உள்ள எடை (40 என்பது சோடியம் ஹைட்ராக்சைடின் சமான எடை): 0.0958 × 40 × 250 ÷ 1000 = 0.958 கிராம்.