நடைப்பயிற்சிக்குப் பிறகான நேரம்

வயது அறுபத்தைந்தைக் கடந்த பெண்ணான எனக்குச் சர்க்கரை நோய் வந்து நெடுங்காலம் ஆகிறது. காலை நடையைத் தவறவிடுவதில்லை, மாத்திரைகளையும் நேரந்தவறாமல் எடுத்துக்கொள்கிறேன் என்பதால், வழக்கமான பரிசோதனையின்போது நடையைப் பற்றித்தான் மருத்துவர் விசாரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவரோ, நடந்துவிட்டு வந்த பிறகு இரவு படுக்கும் வரை எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒரு வாரத்துக்கு உட்காரும் நேரத்தையும் எழுந்திருக்கும் நேரத்தையும் குறித்து வரச் சொன்னார்.

குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்த அவர், மொத்த நேரத்தைவிட, இடையில் எழுந்திருக்காமல் நீண்டுபோன பகுதிகளைத்தான் கோடிட்டார். மதிய உணவுக்குப் பின் ஒன்று, மாலையில் தொலைக்காட்சி முன்னே இன்னொன்று. உடலின் பெரிய தசைகள் கால்களிலும் தொடைகளிலும் இருக்கின்றன. அவை சுருங்கி விரியும்போது இன்சுலினின் உதவி குறைவாக இருந்தாலும் ரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்கின்றன. அசையாமல் இருக்கும்போது அந்த வேலை ஏறக்குறைய நின்றுபோவதோடு, ரத்தத்தில் மிதக்கும் கொழுப்பைப் பிரித்தெடுக்கும் நொதியும் மந்தமாகிறது, கால்களின் ரத்த ஓட்டமும் தளர்கிறது என்று விளக்கினார். மாதவிடாய் நிற்கும் வரை பெண்ணின் இதயத்துக்கு ஓரளவு பாதுகாப்பு உண்டு என்பார்கள். சர்க்கரை நோய் அதைப் பெரும்பாலும் பறித்துவிடுகிறது. நோயால் கூடும் இதய ஆபத்தின் விகிதமும் ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம்.

லண்டனின் இரண்டடுக்குப் பேருந்துகளில் நாள் முழுதும் உட்கார்ந்திருந்த ஓட்டுநர்களுக்கு, மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டிருந்த நடத்துநர்களைவிட இதய நோய் மிகுதியாக வந்ததைக் காட்டி, 1953இல் பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வாளர் ஜெரமி மோரிஸின் குழுவினர் வெளியிட்ட ஆய்வையும் அவர் சொன்னார். ஆண் ஊழியர்களின் கதை என் வயதுப் பெண்ணுக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்டேன். அமெரிக்காவில் 63 முதல் 97 வயது வரையிலான பெண்களுக்கு அசைவை அளக்கும் கருவியை இடுப்பில் கட்டி ஆராய்ந்து, 2019இல் வெளியிட்ட முடிவைப் பதிலாகச் சொன்னார்: அதிக நேரம் உட்கார்ந்தவர்களுக்கும், உட்கார்ந்த நேரத்தை நீண்ட தொடர்களாகக் கழித்தவர்களுக்கும் இதய நோய் கூடுதலாக வந்திருந்தது. இத்தகைய ஆய்வு தொடர்பைக் காட்டுமே தவிர, காரணத்தை முழுதாக நிறுவிவிடாது என்று அவரே சேர்த்துச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

இடையிடையே எழுந்து அசையும் பயிற்சியை உடனே தொடங்க அவர் விடவில்லை. ஈ.சி.ஜி.யும், இதயத்தை ஒலியலையால் படம்பிடிக்கும் எக்கோவும் எடுத்த பிறகு, படுத்த நிலையில் ஒரு முறையும் எழுந்து நின்றதும் மறுபடியும் ரத்த அழுத்தம் பார்த்தார்கள். எழுந்த மூன்று நிமிடங்களுக்குள் மேல் அளவு 20 புள்ளியோ கீழ் அளவு 10 புள்ளியோ குறைந்தால் தலைசுற்றி விழும் அபாயம் உண்டு. எனக்கு அந்த எல்லையை ஒட்டியே இறங்கியது. ஆகவே எழுவதற்கு முன் நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்து, பாதங்களைக் கணுக்காலில் மேலும் கீழுமாகச் சிறிது நேரம் அசைத்து, எழுந்த பிறகு பிடிமானத்தோடு சற்று நின்றுவிட்டே அடியெடுத்து வைக்கச் சொன்னார். அடுத்து, பாதத்தில் உணர்வு குறைந்திருக்கிறதா என்று பார்க்க, என்னைக் கண்களை மூடச் சொல்லிவிட்டு, மெல்லிய நைலான் இழை ஒன்றை அது வளையும் வரை உள்ளங்காலில் ஆங்காங்கே அழுத்தி, தொடுவது தெரியும்போதெல்லாம் சொல்லச் சொன்னார்கள். இடது கட்டைவிரலின் அடியில் தொட்டபோது நான் பேசாமல் இருந்தேனாம். அன்றிலிருந்து வீட்டுக்குள்ளும் மென்மையான காலணியோடுதான் நடக்கிறேன். இரவில் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறேன்.

பயிற்சி எளிதானதுதான்: அரை மணி நேரத்துக்கு ஒரு முறை எழுந்து மூன்று நிமிடம் மெதுவாக நடப்பது, அல்லது நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி குதிகாலை உயர்த்தி இறக்குவது, முழங்காலைத் தூக்குவது, பாதி உட்கார்ந்து எழுவது. கைப்பேசியில் வைத்த அலாரம் ஒரு வாரத்துக்குள் எரிச்சலூட்டி, அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பதையே புதிய வழக்கமாக்கிவிடும் போலிருந்தது. அதை நிறுத்திவிட்டு, தொலைபேசி உரையாடல் எல்லாம் நின்றபடி, விளம்பர இடைவேளை எல்லாம் நடந்தபடி என்று வேலையோடு வேலையாகச் சேர்த்த பின்புதான் பழக்கம் ஒட்டியது. முழங்கால் வலிக்குக் கெட்டியான திண்டு ஒன்றைப் போட்டு இருக்கையின் உயரத்தைக் கூட்டினேன். பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இழுத்து, மார்பை முன்னே சாய்த்து எழுந்தால், கையை ஊன்றாமலேயே எழ முடிகிறது. உட்காருவதற்குப் பதிலாக மணிக்கணக்கில் நிற்பது தீர்வே அல்ல. முயன்று பார்த்ததில் கால்தான் வீங்கியது.

சாப்பிட்ட இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் சர்க்கரை, சில வாரங்களில் மிதமாகக் குறையத் தொடங்கியது. எடை அசையவில்லை. ஒரு பிற்பகலில் வியர்த்துக் கை நடுங்கியபோது சர்க்கரை மிகவும் இறங்கி 70க்குக் கீழே போயிருப்பதைக் குளுக்கோமீட்டர் காட்டியது. நான் எடுத்துக்கொண்டிருந்தது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும் வகை மாத்திரை என்பதால், மருத்துவர் அதன் அளவைக் குறைத்தார். இவ்வகை மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர்கள், அசைவைக் கூட்டுவதற்கு முன்பே மருத்துவரிடம் இதைப் பேசிவிடுவது நல்லது என்பேன்.

நெடுநாள் சர்க்கரை நோயுள்ள பெண்ணுக்கு மாரடைப்பு நெஞ்சுவலி இல்லாமலும் வரலாம் என்பதால், காரணமில்லாத மூச்சுத்திணறல், தாடையிலோ மேல்முதுகிலோ வலி, குமட்டல், குளிர்ந்த வியர்வை, வழக்கத்துக்கு மாறான அசதி ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுமாறு வீட்டாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். மதியப் பொழுது வசப்பட்டுவிட்டது; மாலை இன்னும் முரண்டு பிடிக்கிறது. அடுத்த பரிசோதனையில் நின்ற நிலை ரத்த அழுத்தத்தை மீண்டும் அளந்து பார்த்து, அழுத்த மாத்திரையின் நேரத்தை மாற்றலாமா என்று முடிவு செய்வதாக மருத்துவர் சொல்லியிருக்கிறார்.