கல்லெறிந்த பேயும் ஒரு கணக்குக் கொப்பியும்

எங்கள் பள்ளிப் பழைய மாணவர் சங்கத்தின் மலர்க் குழுவிலிருந்து தொலைபேசி எடுத்த தம்பி, "அண்ணை, பிக் மட்ச்சையும் பரிசளிப்பு விழாவையும் எல்லாரும் எழுதிப்போட்டினம். நீங்கள் வேற ஏதாவது எழுதுங்கோ" என்றார். வேறு என்றால் என்னிடம் போர்டிங் பேய்தான் இருக்கிறது. எழுபதுகளின் நடுப்பகுதியில் விடுதியில் இருந்தவர்களுக்கு எந்தப் பேய் என்று சொல்லத் தேவையில்லை. வீட்டிலிருந்து வந்துபோனவர்கள் அரைகுறையாகக் கேள்விப்பட்டிருப்பார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

பேய்க்கு எங்கள் விடுதியில் பஞ்சம் இருந்ததில்லை. கிணற்றடிப் புளியமரத்தில் முனி. மதிலுக்கு அப்பால் தரவையில் மாரி முடிந்த கையோடு கொள்ளிவாய்ப் பேய். நடுச்சாமத்தில் நெஞ்சில் ஏறியிருந்து கை கால் அசைய விடாத அமுக்குப் பேய். இந்தக் கடைசி ஆள் என்னைத் தேடி லண்டனுக்கும் வந்தார். பெற்றோல் ஸ்ரேசனில் இரவு வேலை செய்துவிட்டுப் பகலில் படுத்த காலம் அது. கனவு காணும் நித்திரையில் மூளை உடம்பின் தசைகளைத் தளர்த்தி வைத்திருக்கும். அந்தத் தளர்வு விலகுவதற்குள் விழிப்பு வந்துவிட்டால் அசையவும் முடியாது, கத்தவும் முடியாது, யாரோ அறைக்குள் நிற்பதுபோலவும் இருக்கும். நித்திரை ஒழுங்கு குலைந்தவர்களுக்கு இது சகஜம் என்று டொக்டர் சொன்ன பிறகு, வந்தால் வந்துவிட்டுப் போகட்டும் என்று கிடப்பேன்.

கல்லெறி அப்படிப்பட்டதல்ல. கனவென்று தள்ளிவிட முடியாது, காலையில் முற்றத்தில் கல் கிடந்தது.

தைப்பொங்கல் லீவு முடிந்து எல்லாரும் திரும்பியிருந்தோம். நல்ல பனிக்காலம். விளக்கணைத்துக் கொஞ்ச நேரத்தில் ஓட்டுக் கூரையில் 'டொக்' என்று ஒரு சத்தம், பிறகு கடகடவென்று உருண்டு பீலிக்குள் விழுந்தது. முதல் நாள் மாங்காய் என்றோம். மாங்காய்க் காலமல்ல என்று ஒருத்தன் சொன்ன பிறகுதான் பயம் பிடித்தது. அடுத்தடுத்த இரவுகளிலும் விழுந்தது. காவற்காரரை ரோச் லைற்றோடு மதில் ஓரம் நிறுத்தினார்கள். அவர் நின்ற இரவும் விழுந்தது. பிறகு கல் கூரையை விட்டு உள்ளுக்கே வந்தது, இரண்டு கட்டில் வரிசைகளுக்கும் நடுவே சீமெந்துத் தரையில். ஒருவருக்கும் காயமில்லை, அதுவே பெரிய அத்தாட்சியாகப் பேசப்பட்டது. மனிசன் எறிந்தால் யாருக்காவது பட்டிருக்காதா?

எங்களை முழுதாகக் கலங்கடித்தது வேறொன்று. எனக்கு அடுத்த கட்டிலில் படுத்தவன் விழுந்த கையோடு கல்லை எடுத்தான், எடுத்த வேகத்தில் கீழே போட்டான். "சுடுகுதடா!" நானும் தொட்டுப் பார்த்தேன். சுடவில்லை, ஆனால் இளஞ்சூடு. வெளியே பனி கொட்டுகிறது, கல்லில் சூடு. விடுதிச் சமையல்கார அப்பு ஒரே சொல்லில் முடித்தார்: "குறளி."

இந்த இடத்தில் எங்கள் விஞ்ஞான மாஸ்ரர் வருகிறார். பட்டப்பெயர் 'ஒட்சிசன்'. விடுதியின் கிழக்கு மூலை அறையில் இருந்தவர். சுவரில் சாமிப்படம் இல்லை, டொக்டர் ஏபிரகாம் கோவூரின் கட்டுரைகளைக் கத்தரித்து ஒட்டிய கொப்பி மட்டும் மேசையில் இருக்கும். கோவூரின் பக்தர் என்று எழுத நினைத்தேன், அந்தச் சொல்லைக் கேட்டால் எழும்பி வந்து அடிப்பார்.

இளையவர்களுக்குக் கோவூரைத் தெரியாது. கேரளத்துத் திருவல்லாவில் 1898 இல் பாதிரியார் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். கல்கத்தாவில் படித்தவர். 1928 இல் இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் தாவரவியல் படிப்பித்தார். அங்கே வேதபாடத்தையும் அவர் தலையில் கட்டினார்களாம். பரீட்சையில் பிள்ளைகள் எல்லாரும் சித்தி. அடுத்த வருஷம் அந்தப் பாடம் அவருக்குக் கிடைக்கவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, பாடத்தில் தேறியவர்கள் விசுவாசத்தில் தேறவில்லையே என்று அதிபர் குறைப்பட்டதாகக் கதை. 1959 இல் கொழும்பு தேர்ஸ்ரன் கல்லூரியில் ஓய்வு பெற்ற பிறகு பேய் விசாரணை அவருக்கு முழுநேர வேலை ஆயிற்று. மோசடிக்கு வழியில்லாத சூழலில் ஒரு அற்புதத்தைச் செய்து காட்டுபவருக்கு ஒரு இலட்சம் ரூபா என்று 1963 இல் அறிவித்தார். 1978 இல் அவர் கண்மூடும் வரை அந்தக் காசு அவரிடமேதான் இருந்தது. நேரம் பார்த்துத்தான் பயணம் புறப்படுவார், இராகுகாலம் தவறிவிடக்கூடாது என்று.

கல்லெறி விழும் வீட்டுக்குப் போனால் கோவூர் ஆவியைத் தேடமாட்டார். வீட்டிலிருப்பவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு இருத்திக் கதைப்பார். எறிந்த கை அந்த வீட்டுக்குள்ளேயே இருக்கும், அநேகமாக மனம் நொந்த ஒருவருடையதாக இருக்கும். இதைத்தான் ஒட்சிசனும் கையில் எடுத்தார்.

நான் அப்போது பெரிய வகுப்பு, மண்டபத்துக்குப் பொறுப்பு. என்னைக் கூப்பிட்டு ஒரு சதுரக்கோட்டுக் கணக்குக் கொப்பியைத் தந்தார். "கல் எங்க இருந்து வருது எண்டு எழுதாத. அது உனக்குத் தெரியாது. கல் விழேக்க ஆர் ஆர் எங்க நிண்டவை எண்டு மட்டும் எழுது." கட்டிலில் கிடந்தவர், கிணற்றடிக்குப் போனவர், கக்கூசுக்குப் போனவர் என்று கோடு போட்டு எழுதினேன். எழுதத் தொடங்கிய பிறகுதான் ஒன்று விளங்கியது. சத்தம் கேட்ட பிறகே நாங்கள் எல்லாரும் தலையை உயர்த்துகிறோம். உயர்த்தியதும் கூரையைப் பார்க்கிறோம். கல் கையை விட்டுப் புறப்படுவதை ஒருவரும் காணவில்லை, காணும் திசையில் ஒருவரும் பார்க்கவும் இல்லை.

சூட்டுக்கு அவர் வைத்தியம் சுருக்கமானது. முற்றத்தில் குளிர்ந்து கிடந்த ஒரு கல்லை எடுத்துத் தன் சாரத்து மடியில் சுருட்டிக்கொண்டு, என்னோடு ஏதோ பழைய பரீட்சைத் தாளைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார். பிறகு மடியை அவிழ்த்துக் கல்லை என் உள்ளங்கையில் வைத்தார். அதே இளஞ்சூடு. "பேய்க்கும் மடி இருக்குதோ?" என்றார்.

கொப்பியில் ஒரு பெயர் திரும்பத் திரும்ப வெளியே நின்றது. உள்ளே விழத் தொடங்கிய பிறகு அதே பெயர் எப்போதும் உள்ளே. அந்த வருஷம் புதிதாகச் சேர்ந்த சின்னப் பிள்ளை. எந்த ஊர் என்று எழுதமாட்டேன். வீட்டில் என்ன நடந்து அவனை விடுதியில் கொண்டுவந்து விட்டார்கள் என்பதையும் எழுதமாட்டேன், எழுதினால் ஆளைக் கண்டுபிடித்துவிடுவீர்கள். மாதக் கடைசியில் மற்றவர்களைக் கூட்டிப்போகத் தாய் தகப்பன் வருவார்கள், அவனுக்கு ஒருவரும் வரவில்லை. விடுதியை மூடினால் வீட்டுக்கு அனுப்பித்தானே ஆகவேண்டும்.

மாஸ்ரர் கொப்பியை மூடிவிட்டுக் கேட்டார்: "நீயும் பாத்திட்டியோ?"

"ஓம் சேர்."

"அப்ப சரி. இனி அதை மற."

அன்று பின்னேரம் அந்தப் பையன் மாஸ்ரரின் அறையில் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்ததைக் கண்டேன். என்ன கதைத்தார்கள் என்று இருவரும் எனக்குச் சொன்னதில்லை. அடுத்த நாளிலிருந்து ஆய்வுகூடத்துத் திறப்பு அவன் கழுத்தில் கயிற்றில் தொங்கியது. சோதனைக் குழாய் கழுவுகிற வேலை. அந்தத் திறப்புக்காகப் பெரிய வகுப்பில் நாங்கள் அடிபட்ட காலமும் உண்டு.

கதை இங்கே முடிந்திருக்கலாம். ஆனால் அதே பின்னேரம், இது ஒன்றும் தெரியாத விடுதிப் பொறுப்பாளர் மந்திரவாதிக்கு ஆள் அனுப்பியிருந்தார். இரவு நீத்துப்பூசணிக்காய், தேசிக்காய், வேப்பிலை, உடுக்கு, ஒரு சேவல் எல்லாம் வந்திறங்கின. கழிப்புக் கழித்து, நாலு மூலைக்கும் காவல் பண்ணி, எங்கள் எல்லாருக்கும் நூல் கட்டினார்கள். ஒட்சிசன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வரவேயில்லை. கல் நின்றுவிட்டது. மந்திரவாதி காசையும் சேவலையும் கொண்டு போனார். சமையல்கார அப்பு சாகும்வரை அந்த மந்திரவாதியின் புகழைப் பாடினார்.

கோவூர் என்றால் மந்திரவாதியின் முகத்துக்கு நேரே கொப்பியை விரித்திருப்பார். விரிக்கவும் வேண்டும், ஊருக்கு அது நல்லது. எங்கள் மாஸ்ரருக்கு அன்றிரவு ஊர் பெரிதாகப் படவில்லை. மந்திரவாதி தோற்றிருந்தால் அந்தப் பிள்ளை மண்டபத்தில் தலைநிமிர்ந்து படுத்திருக்க முடியாது. பகுத்தறிவுக்காரர் இப்படி விட்டுக்கொடுக்கலாமா என்று பல நண்பர்கள் என்னோடு வாதாடியிருக்கிறார்கள். நான் மாஸ்ரரின் பக்கம்தான்.

லண்டனுக்கு வந்த பிறகு எண்பதுகளில் என்ஃபீல்டில் பிரிம்ஸ்டவுண் பக்கம் ஒரு களஞ்சியத்தில் வேலை. ஸ்ரேசனிலிருந்து கிறீன் ஸ்ட்ரீட்டால் நடக்கும்போது கூட வேலை செய்த வெள்ளைக்காரர் ஒரு வீட்டைக் கைகாட்டி, பேய் வீடு என்றார். 1977 ஓகஸ்ட் கடைசியில் தொடங்கிய விவகாரம். அரசாங்க வீடு, கணவரைப் பிரிந்த தாய், நாலு பிள்ளைகள், அவர்களில் 13 வயதிலும் 11 வயதிலும் இரண்டு பெண்கள். சுவரில் தட்டும் சத்தம், பறக்கும் மாபிள்கள், லெகோ கட்டைகள். ஒரு கதிரை தானாக நகர்ந்ததைக் கண்டேன் என்று பெண் பொலிஸ் ஒருவர் எழுதிக் கையெழுத்தும் வைத்தார், இன்றைக்கும் அதைக் காட்டித்தான் வாதாடுகிறார்கள். பிறகு இளைய பெண்ணின் வாயிலிருந்து ஒரு கிழவனின் கரகரத்த குரல். தொண்டையில் உண்மையான குரல் நாண்களுக்கு மேலே இருக்கும் போலி நாண்களால் அப்படிப் பேச முடியும், பழகினால் வரும். அடுத்த அறையில் வைத்த கமெரா, அந்தப் பிள்ளை கரண்டியைக் கையால் வளைப்பதைப் பிடித்தது. சிலதை நாங்களே செய்தோம், விசாரிக்க வந்தவர்கள் பிடிக்கிறார்களா என்று பார்த்தோம் என்று பிள்ளைகளே பின்னர் ஒப்புக்கொண்டார்கள்.

விசாரிக்க வந்தவர்களில் மொரிஸ் குறோஸ் என்பவரை நினைத்தால்தான் எனக்கு மனம் கனக்கும். அதற்கு முந்திய வருஷம் மோட்டார் சைக்கிள் விபத்தில் மகளைப் பறிகொடுத்தவர். அந்த மகளின் பெயரும் இந்தச் சின்னப் பெண்ணின் பெயரும் ஒன்று. அவர் கடைசிவரை அந்த ஆவியை நம்பினார். அந்த வீட்டுக்குப் பத்திரிகைக்காரர் வந்தார்கள், ஒலிப்பதிவுக் கருவிகள் வந்தன, குரல் மாற்றிப் பேசும் மேடைக் கலைஞரும் வந்தார். பார்க்கிறவர்கள் கூடக்கூட அட்டகாசமும் கூடியது. ஒரு திறப்பைக் கொடுத்து வேலை வாங்க அங்கே ஆளில்லாமல் போனது என்பது என் அபிப்பிராயம், ஆராய்ச்சி முடிவல்ல.

எங்கள் 'குறளி' இப்போது பேரப்பிள்ளை கண்டவர். சங்கத்தின் ஆண்டு விழாக்களுக்குத் தவறாமல் வருவார், இந்த மலரையும் வாசிப்பார். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "பேர் மட்டும் போடாதீங்கோ அண்ணை, மிச்சத்தை எழுதுங்கோ, ஒட்சிசனைப் பற்றி ஒருத்தரும் எழுதேல்லை" என்றார்.

ரொறன்ரோவில் இருக்கும் என் வகுப்புத் தோழர் ஒருவருக்கு இந்தக் கட்டுரையின் முதல் வரைவை அனுப்பினேன். முழுதும் பொய், அது புளியமரத்து முனிதான், நூல் கட்டிய பிறகுதான் நின்றது, அந்த நூலை ஓ.எல். சோதனை முடியும்வரை தான் கழற்றவில்லை என்று பதில் போட்டிருக்கிறார். அடுத்த மலரில் அவருக்கு இரண்டு பக்கம் ஒதுக்கும்படி மலராசிரியரைக் கேட்டுக்கொள்கிறேன்.