மூட்டு மாத்தின கால் 76 டிகிரில நின்னுபோனப்போ

எனக்கு இடது கால் மூட்டு மாத்துற ஆபரேஷன் ஆனது 2024 பிப்ரவரி 2ஆம் தேதி, தஞ்சாவூர்ல ஒரு தனியார் ஆஸ்பத்திரில. இத எழுதுறப்ப பத்து மாசம் முடிஞ்சிருச்சு. ஆபரேஷன் எப்படி பண்ணுவாங்க, எவ்ளோ செலவாகும்னு சொல்ல நிறைய பேர் இருக்காங்க, ஆனா ஆபரேஷன் நல்லா முடிஞ்சும் கால் மடங்காம வாரக்கணக்குல ஒரே எடத்துல நின்னுபோனா அந்த வீட்டுல என்ன நடக்கும்னு யாரும் சொல்லல. அந்த நேரத்துல எனக்கு அதுதான் வேண்டியிருந்துச்சு, அதனாலதான் எழுதுறேன்.

எனக்கு வயசு 63, ஊர் கும்பகோணம். 31 வருஷம் சத்துணவு அமைப்பாளரா இருந்தேன், நின்னுகிட்டே போன வேலை. ரெண்டு முட்டியும் தேய்ஞ்சு, எக்ஸ்ரேல எலும்புக்கும் எலும்புக்கும் நடுவுல இருக்கவேண்டிய இடைவெளியே இடது பக்கம் இல்ல. கடைசி ரெண்டு வருஷம் கால் வெளிப்பக்கமா வில்லு மாதிரி வளைஞ்சு, ராத்திரி பாத்ரூம் போக எந்திரிச்சா செவுத்த புடிச்சிகிட்டுதான் போவேன். ஊசி, பெல்ட்டு, எண்ணெய் எல்லாம் பாத்தாச்சு, கடைசில டாக்டர் இனிமே தள்ளிப்போடாதீங்கன்னு சொல்லிட்டாரு.

செலவு பத்தி ஒண்ணு மட்டும் சொல்லிடுறேன். உள்ள வைக்கிற இம்ப்ளான்ட்டுக்கு 2017லயே மத்திய அரசு உச்சவரம்பு வச்சிட்டாங்க, சாதாரணமா வைக்கிற கோபால்ட் குரோமியம் வகைக்கு அப்போ 54,720 ரூபாயும் ஜிஎஸ்டியும். அதுக்கு முன்னாடி லட்சத்துக்கு மேல வாங்கிகிட்டு இருந்தாங்க. அதனால பில்லுல இம்ப்ளான்ட் விலைய தனி வரியா போட சொல்லி கேளுங்க, கேக்குறதுல வெக்கமே வேணாம். டிஸ்சார்ஜ் பேப்பர்ல அந்த இம்ப்ளான்ட்டோட ஸ்டிக்கர் ஒட்டியிருப்பாங்க, அத பத்திரமா வைங்க.

ஆபரேஷன் முடிஞ்ச மறுநாள் காலைலயே வாக்கர புடிச்சு நிக்க வச்சிட்டாங்க. நாலாவது நாள் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அங்கதான் தப்பு ஆரம்பிச்சுது. டிஸ்சார்ஜ் அன்னைக்கு கையில ஒரு ஜெராக்ஸ் பேப்பர் குடுத்தாங்க, அதுல உடற்பயிற்சி படம் எட்டோ பத்தோ இருந்துச்சு, அத பாத்து செய்யுங்கன்னு ஒரே வார்த்தைல முடிச்சிட்டாங்க. எப்படி படுக்கணும்னு யாரும் சொல்லல. எனக்கு கால நேரா நீட்டி வச்சா பின்னாடி இழுத்து புடிச்சு உயிர் போற வலி, முட்டிக்கு அடியில ஒரு தலகாணி வச்சா அப்பாடான்னு இருக்கும். வீட்டுக்காரரும் பாசமா பஞ்சு தலகாணியா பாத்து பாத்து வச்சு விட்டாரு. மூணு வாரம் அப்படியே படுத்திருந்தேன்.

அது செய்யவே கூடாததாம். முட்டிக்கு அடியில தலகாணி வச்சே படுத்தா பின்பக்கம் சதையும் ஜவ்வும் சுருங்கி அப்படியே இறுகிடும், அப்பறம் கால் முழுசா நேராகாது. நேராகாத காலோட நடந்தா நொண்டி நொண்டிதான் நடக்கணும், தொடை சதை சீக்கிரம் சோந்துபோயிடும். தலகாணி வைக்கணும்னா குதிகாலுக்கு அடியில வைக்கணும், முட்டி கீழ தொங்குற மாதிரி. இந்த ஒரு வரிய அந்த ஜெராக்ஸ் பேப்பர்ல பெருசா எழுதியிருந்தா எனக்கு ரெண்டு மாச வேதனை மிச்சமாயிருக்கும். இன்னைக்கு நெனச்சாலும் எனக்கு ஆத்தாமையா இருக்கு.

மூணாவது வாரம் தையல் பிரிச்சு ஒரு வாரம் ஆனபிறகுதான் வீட்டுக்கே வந்து பயிற்சி குடுக்குற பிசியோதெரபி பொண்ணு ஒருத்தங்கள என் மக தேடி புடிச்சா. ஒரு தடவைக்கு 400 ரூபா. அவங்க வந்ததும் முதல்ல தலகாணிய எடுத்து ஓரமா வச்சாங்க. பையிலேர்ந்து ஒரு அளவு கருவி எடுத்தாங்க, ரெண்டு ஸ்கேல ஒரு திருகால சேத்த மாதிரி இருக்கும், கோனியோமீட்டர்னு பேரு. தொடைல ஒரு ஸ்கேலு, கணுக்கால் பக்கம் ஒரு ஸ்கேலு. “அம்மா, நேராகுறதுக்கு இன்னும் 12 டிகிரி பாக்கி இருக்கு, மடக்குறது 64 வருது”ன்னாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. அவங்களே சொன்னாங்க, சமதரைல நடக்க 65, 70 போதும், ஆனா நாற்காலில ஒழுங்கா உக்காந்து எந்திரிக்கவும் மாடிப்படி ஏறி எறங்கவும் 90க்கு மேல வேணும், அதுவும் நிறைய பேருக்கு ரெண்டு மூணு வாரத்துலயே 90 பக்கம் வந்துரும்னு.

அந்த கடைசி வார்த்தைய நான் கேட்டிருக்கக்கூடாது. ஏன்னா எதிர்வீட்டு அக்கா ஒருத்தங்க எனக்கு நாலு மாசம் முன்னாடிதான் இதே ஆபரேஷன் பண்ணிகிட்டாங்க, 25 நாள்ல கும்பேஸ்வரன் கோயில் பிரகாரத்த சுத்தி வந்துட்டாங்க. பாக்க வர்றவங்க எல்லாரும் அவங்கள சொல்லாம போறதில்ல. “அவ நடக்குறாளே, உனக்கு ஏன் இன்னும்?” கேக்குறவங்க அக்கறையாதான் கேக்குறாங்க, ஆனா அவங்க போனதும் நான் செவுத்த பாத்து படுத்துப்பேன். ஆபரேஷன் வலிக்கு மாத்திரை இருந்துச்சு, இந்த பேச்சுக்கு மாத்திரை இல்ல.

அதனால ஒரு நாள் வெறி வந்த மாதிரி செஞ்சேன். பிசியோ 20 தடவை சொன்ன பயிற்சிய 150 தடவை செஞ்சேன், வாக்கர் இல்லாம வாசல் வரைக்கும் அஞ்சு தடவை நடந்தேன், சாயங்காலம் அடுப்படில நின்னு சாம்பாரும் வச்சேன். மறுநாள் காலைல பாத்தா முட்டி பூசணிக்கா மாதிரி வீங்கியிருக்கு. என் மக தையல் டேப் வச்சு அளந்தா, முந்துன நாளவிட ரெண்டு சென்டிமீட்டர் கூட. வீங்குன முட்டி மடங்கவே மடங்காது, உள்ள தண்ணி நெறைஞ்சிருந்தா எங்க மடங்கும். ஆறு நாள் போச்சு அது வத்த. அப்ப பிசியோ பொண்ணு ஒரு கணக்கு சொல்லிக் குடுத்தாங்க, இன்னைக்கு வரைக்கும் அதத்தான் வச்சிருக்கேன்: செய்யும்போது வலிக்கும், அது பரவால்ல, ஆனா மறுநாள் காலைல எந்திரிக்கும்போது வீக்கம் கூடியிருந்தா நேத்து அதிகமா செஞ்சிட்டோம்னு அர்த்தம், அன்னைக்கு பாதியா குறைக்கணும். நிறுத்தக்கூடாது, பாதியாக்கணும்.

ஆறாவது வாரம் டாக்டர்கிட்ட போனப்போ 76 டிகிரி. நேராகுறது 12லேர்ந்து 7க்கு வந்திருந்துச்சு, ஆனா மடக்குறது 76லயே ஒம்பது நாளா நிக்குது. டாக்டர் பொறுமையாதான் பேசுனாரு. “அம்மா, இன்னும் மூணு வாரம் பாப்போம். அதுக்குள்ள 90 பக்கம் வரலன்னா மயக்க மருந்து குடுத்து மடக்கி விடணும், உள்ள தழும்பு மாதிரி ஒட்டியிருக்கிறது பிரிஞ்சிரும், அதுவும் மூணு மாசத்துக்குள்ள செஞ்சாத்தான் நல்லா பலன் குடுக்கும்”னாரு. கார்ல வரும்போது நான் ஒரு வார்த்தை பேசல. பாபநாசம் தாண்டுனப்பறம்தான் வீட்டுக்காரர் என் கைய புடிச்சாரு, அழுதுட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அவர் ஒண்ணு பண்ணாரு. எங்க கூடம் பழைய காலத்து சிவப்பு காவித் தரை. அவர் கைப்பிடி உள்ள பிளாஸ்டிக் நாற்காலி ரெண்ட ஒண்ணுமேல ஒண்ணா அடுக்கி (ஒத்த நாற்காலி எனக்கு தாழ்வா இருக்கும்), பின்னங்கால் ரெண்டையும் செவுத்துல முட்ட வச்சாரு, அப்பதான் தினம் ஒரே எடத்துல இருக்கும். நான் உக்காந்து பாதத்த தரைலயே தேச்சு தேச்சு பின்னாடி இழுக்கணும். கட்டைவிரல் நுனி எதுவரைக்கும் போகுதோ அங்க சாக்பீஸ்ல ஒரு கோடு, பக்கத்துல தேதி. அப்பறம் அங்கேயே பாதத்த ஊனி வச்சுகிட்டு இடுப்ப கொஞ்சம் முன்னாடி நகத்தணும், முட்டி இன்னும் ரெண்டு டிகிரி மடங்கும், 30 எண்ணுற வரைக்கும் பல்ல கடிச்சுகிட்டு இருக்கணும். ஒரு நாளைக்கு நாலு வேளை. வேலைக்கு வர்ற அம்மாகிட்ட அந்த எடத்த மட்டும் துடைக்காதீங்கன்னு சொல்லி வச்சோம்.

முதல் அஞ்சு நாள் கோடு நகரவே இல்ல. ஒரே கோட்டு மேல அவர் தினமும் கோடு போட்டு அது சுண்டுவிரல் மொத்தத்துக்கு தடிச்சுப்போச்சு. ஆறாவது நாள் ஒரு நெல்லு அளவு உள்ள போச்சு. அந்த நெல்லு அளவு கோட்ட நான் போட்டோ எடுத்து பையனுக்கு அனுப்புனேன், அவன் ஆபீஸ்ல மீட்டிங்ல இருந்தானாம், வெளிய வந்து போன் பண்ணான்.

கூடவே ராத்திரி ராத்திரி குதிகாலுக்கு அடியில துண்ட சுருட்டி வச்சு கால தொங்க விடுறது, பத்து நிமிஷம். தொடைய இறுக்கி முட்டிய கட்டில்ல அழுத்தி அஞ்சு எண்ணி விடுறது. கட்டில்ல கால் இழுக்கும்போது குதிகாலுக்கு அடியில ஒரு கேரி பேக் போட்டுக்குங்க, வழுக்கிகிட்டு போகும். பயிற்சி முடிஞ்சதும் ஐஸ், துணில சுத்தி 15 நிமிஷம். சித்திரை வெயில்ல அந்த ஐஸ் மட்டும்தான் எனக்கு சொகம்.

தூக்கம் பத்தி சொல்லணும். முதல் ரெண்டு மாசம் ஒன்ற மணி, ரெண்டு மணிக்கு முழிப்பு வந்துரும், எந்த பக்கம் படுத்தாலும் கால் கனக்கும். வலி மாத்திரைய ராத்திரி தூங்க ஒரு மணி நேரம் முன்னாடி போடுற மாதிரி டாக்டர கேட்டு மாத்திகிட்டேன், அது பெரிய உபகாரம். அந்த மாத்திரைக்கு மலச்சிக்கலும் வரும், அத யாரும் வாய்விட்டு சொல்ல மாட்டாங்க, நான் சொல்றேன். கீரை, பப்பாளி, நிறைய தண்ணி, அப்படியும் முடியலன்னா டாக்டர்கிட்ட கேட்டு சிரப்பு வாங்கிக்குங்க, முக்கிகிட்டு கஷ்டப்படாதீங்க. வெஸ்டர்ன் டாய்லெட் ஆபரேஷனுக்கு முன்னாடியே போட்டு வச்சிடுங்க, பக்கத்துல புடிச்சுக்க ஒரு கம்பியோட.

என்ன பயமுறுத்தின இன்னும் ரெண்டு விஷயம். ஒண்ணு, மூணு மாசம் ஆகியும் அந்த முட்டிய தொட்டா மத்த முட்டியவிட சூடா இருக்கும். சீழ் புடிச்சிருச்சோன்னு நடுங்கிப்போய் ரத்த டெஸ்ட் வரைக்கும் எடுத்தேன், ஒண்ணும் இல்ல. உள்ள ஆறுற வேலை நடக்குது, அஞ்சாறு மாசம் கூட சூடும் லேசான வீக்கமும் இருக்கும்னு டாக்டர் சொன்னாரு. ஆனா காய்ச்சல், தையல் எடம் சிவந்து நீர் வடியுறது, கெண்டைக்கால் கெட்டியாகி வலிக்கிறது, மூச்சு வாங்குறது, இதுல எது வந்தாலும் ஒரு மணி நேரம் கூட காத்திருக்கக்கூடாது. ரெண்டாவது, தழும்புக்கு வெளிப்பக்கம் உள்ளங்கை அளவு எடம் மரத்துப்போயிருக்கும். தோலுக்கு போற சின்ன நரம்பு அறுக்கும்போது போயிடுமாம். எனக்கு இப்ப அது ரூபா நாணயம் அளவுக்கு சுருங்கியிருக்கு. சொந்தக்காரங்க முறிவு எண்ணெய் கொண்டுவந்து குடுத்தாங்க, நீவி விட சொன்னாங்க. டாக்டர் கண்டிப்பா கூடாதுன்னுட்டாரு, நாங்களும் தொடல.

ஒம்பதாவது வாரம், டாக்டர் அளந்தாரு, 88. மறுபடி அளந்தாரு, 88தான். “மயக்கம் குடுக்க வேணாம், நீங்களே கொண்டுவந்துட்டீங்க, விடாம செய்யுங்க”ன்னாரு. நான் அவருக்கு கும்பிடு போட்டேன், வெளிய வந்து பிசியோ பொண்ணுக்குத்தான் முதல் போன். பன்னெண்டாவது வாரம் 97. அதுக்கப்பறம் வேகம் கொறஞ்சிருச்சு, மாசத்துக்கு நாலு டிகிரி வந்தா அதிகம், ஆனா வந்துகிட்டே இருந்துச்சு.

ஆடிப்பெருக்கு வந்தப்போ ஆறு மாசம் முடிஞ்சிருந்துச்சு. காவிரி படித்துறைக்கு போகணும்னு எனக்கு ஆசை, அவருக்கு பயம். ஏறும்போது நல்ல கால முதல்ல வைக்கணும், எறங்கும்போது ஆபரேஷன் ஆன கால முதல்ல வைக்கணும், அத வீட்டு வாசப்படிலயே பழகியிருந்தேன். ஒரு பக்கம் பொண்ணு, ஒரு பக்கம் அவர், ஒவ்வொரு படியா ரெண்டு காலையும் சேத்து வச்சு சேத்து வச்சு ஒம்பது படி எறங்குனேன். தண்ணி வந்து கணுக்கால தொட்டுச்சு. அந்த எதிர்வீட்டு அக்காவும் அங்க இருந்தாங்க, ஓடி வந்து என் கைய புடிச்சு மேல ஏத்தி விட்டாங்க. அப்பதான் சொன்னாங்க, அவங்களுக்கும் ரெண்டு மாசம் ராத்திரி தூக்கமே இல்லயாம், யார்கிட்டயும் சொல்லலயாம்.

இப்ப 112 டிகிரி இருக்கு, நேராகுறது முழுசா வந்துருச்சு. சம்மணம் போட்டு தரைல உக்கார முடியாது, உக்காரவும் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. கோலம் போட முடியல, அதுதான் எனக்கு மனசுக்கு குறை, பொண்ணு போடுறா, நான் நாற்காலில உக்காந்து புள்ளி கணக்கு சொல்றேன். காலைல எந்திரிச்ச உடனே பத்து அடி வரைக்கும் ஒரு இறுக்கம் இருக்கும், நடக்க நடக்க விட்டுரும். மார்க்கெட்டுக்கு நடந்தே போயிட்டு வர்றேன்.

வலது முட்டியும் செய்யணும்னு சொல்லியிருக்காங்க. பங்குனி கழிச்சு பாக்கலாம்னு இருக்கோம். அந்த பிசியோ பொண்ணுகிட்ட இப்பவே சொல்லி வச்சிட்டேன், இந்த தடவை நான் ஆஸ்பத்திரிலேர்ந்து வீட்டுக்கு வர்ற அன்னைக்கே அவங்க வரணும்னு.