எட்டு டிகிரி போதும்: இரண்டு மீட்டருக்கு ஃபேஸ் மாடுலேட்டர்

இரண்டு மீட்டர் ஹாம் ரேடியோ பட்டைக்கு டிரான்ஸ்மிட்டர் கட்டும்போது, ஆசிலேட்டரின் கிரிஸ்டலை நேரடியாக இழுத்து எஃப்எம் செய்தால் அலைவரிசை நகரும், காரைக்குடிச் சித்திரை வெயிலில் இன்னும் மோசம். ஆசிலேட்டரைத் தொடாமல், பஃபருக்கு (ஆசிலேட்டரை அடுத்த நிலைகளிலிருந்து பிரித்து வைக்கும் ஆம்புக்கு) அடுத்த டியூன்டு சர்க்யூட்டில், ஆடியோவைக் கொண்டு அலையின் ஃபேஸை முன்பின் ஆட்டுவதே நல்லது; இதுதான் ஃபேஸ் மாடுலேட்டர்.

கடையில் கிடைக்கும் 12.000 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் வேண்டாம். பின்னால் வரும் பெருக்கி நிலைகள் அலைவரிசையை 12 மடங்காக்கும்போது 144.000, பட்டையின் விளிம்பு! 12.1 மெகாஹெர்ட்ஸ் வெட்டச் சொல்லுங்கள்; 145.2 வரும்.

டியூன்டு சர்க்யூட்டின் காயிலுக்கு, மஞ்சள் டி37-6 இரும்புத்தூள் வளையத்தில் 27 சுற்று, சுமார் 2.2 மைக்ரோஹென்றி. இணையாக 22 பிகோஃபாரட், 30 பிகோஃபாரட் டிரிம்மர், 2.2 கிலோஓம். எம்வி2109 வராக்டரை (வோல்டேஜுக்கு ஏற்பக் கப்பாசிட்டன்ஸ் மாறும் டயோடை) 1 நானோஃபாரட் வழியாகச் சேர்த்து, 100 கிலோஓம் வழியாக 4 வோல்ட் பயஸ் கொடுங்கள். பயஸ் 7808 ரெகுலேட்டரின் 8 வோல்டைப் பாதியாக்கி வரட்டும், இல்லாவிட்டால் சப்ளை இரைச்சலும் மாடுலேட் ஆகும்.

3 கிலோஹெர்ட்ஸ் ஆடியோவில் அலைவரிசை 5 கிலோஹெர்ட்ஸ் விலக, 5-ஐ 3-ஆல் வகுத்த 1.67 ரேடியன் ஃபேஸ் ஆட்டம் தேவை. பெருக்கிகள் ஃபேஸையும் 12 மடங்காக்கும் என்பதால் பன்னிரண்டால் வகுத்தால் 0.14, அதாவது 8 டிகிரி. வராக்டரில் சுமார் 0.3 வோல்ட் பீக் ஆடியோ போதும். மைக் ஆம்பில் உச்சங்களை வெட்டும் கிளிப்பரும், 3 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டும் ஃபில்டரும் கட்டாயம். ஃபேஸ் மாடுலேஷனில் உயர் சுருதிகள் தூக்கலாகப் போகும்; அதைத் தணிக்க இன்டெகிரேட்டர் வேண்டாம், ரிசீவரில் உயர் சுருதிகளைக் குறைக்கும் டீஎம்பசிஸே குரலைச் சமன் செய்துவிடும்.

குரல் கரகரத்தால் முதலில் ஆர்எஃப் அளவைப் பாருங்கள். அதிகமானால் வராக்டரே ரெக்டிஃபை செய்யும். பஃபரிலிருந்து வரும் கப்பாசிட்டரை 4.7 பிகோஃபாரடுக்குக் குறைத்து, டிரிம்மரை மறுபடி உச்சத்துக்குத் திருப்புங்கள். உச்சம் தவறினால் ஏஎம்மும் கலக்கும்.

ஆன்டெனாவை வளவுக்குள் (செட்டிநாட்டு வீட்டின் உள்கட்டுக்குள்) வைக்காதீர்கள். செட்டிநாட்டுச் சுவரின் கனம் 145 மெகாஹெர்ட்ஸ் அலையை விழுங்கும்; ஓட்டுக்கு மேலே ஏற்றுங்கள்.