வைகைத் தண்ணீரில் மருந்தெதிர்ப்பை எண்ணிய அனுபவம்: பாட்டிலிலிருந்து ஆய்வேடு வரை

மதுரையில் இருந்துகொண்டே மைக்ரோபயோமையும் (ஓரிடத்தில் வாழும் நுண்ணுயிர்க் கூட்டம்) ஆன்டிபயாடிக் எதிர்ப்பையும் சேர்த்துப் படித்து முனைவர் பட்டம் வாங்க முடியுமா என்று கேட்பவர்கள், பெரும்பாலும் டிஎன்ஏ எழுத்துகளைப் படிக்கும் சீக்வென்சிங் இயந்திரத்தை நினைத்துத்தான் தயங்குகிறார்கள். அந்த வேலையைக் கட்டணம் வாங்கிக்கொண்டு செய்து தர ஆட்கள் இருக்கிறார்கள். ஆற்றங்கரையில் பாட்டிலைத் திறந்ததிலிருந்து அடுத்த 24 மணி நேரம் நடப்பதை மட்டும் நாம்தான் செய்தாக வேண்டும். ஆய்வு அங்கே கெட்டுவிட்டால் பின்னால் எந்த மென்பொருளாலும் அதைச் சரிசெய்ய முடியாது. அதனால் அந்தப் பகுதியை விரிவாகவும் மற்றதைச் சுருக்கமாகவும் எழுதுகிறோம்.

உள்ளே நுழையும் வழி எல்லோருக்கும் தெரிந்ததுதான். சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட் தேர்வின் லைஃப் சயின்சஸ் தாளில் ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால், 2023இல் திருத்திய கணக்குப்படி முதலில் மாதம் 37,000 ரூபாய், எஸ்ஆர்எஃப் (முதுநிலை) ஆனபின் 42,000 ரூபாய், அதோடு வீட்டு வாடகைப் படி. யுஜிசியின் 2022 விதிகளின்படி பிஎச்.டி.க்குக் குறைந்தது 3 ஆண்டு, கூடியது 6 ஆண்டு. கோர்ஸ் வொர்க் 12 கிரெடிட்டுக்குக் குறையக் கூடாது. கோர்ஸ் வொர்க் நடக்கும் மாதங்களிலேயே ஆர் என்ற புள்ளியியல் கணினி மொழியைக் கற்றுக்கொள்ளுங்கள். தரவு கைக்கு வந்தபிறகு கற்கத் தொடங்கினால் ஓர் ஆண்டு கரைந்துபோகும்.

தலைப்பைக் குறுக்குவதுதான் முதல் உண்மையான வேலை. 16எஸ் சீக்வென்சிங், அதாவது எல்லாப் பாக்டீரியாவிலும் உள்ள ஒரே ஒரு மரபணுவை மட்டும் படிப்பது, எந்தக் குடும்பத்துப் பாக்டீரியா எவ்வளவு இருக்கிறது என்று காட்டும். அதில் எதிர்ப்பு மரபணு எதுவும் தெரியாது. மாதிரியிலுள்ள டிஎன்ஏ முழுவதையும் துண்டு துண்டாகப் படிக்கும் ஷாட்கன் முறையில் மரபணு தெரியும். ஆனால் குட்டை ரீடுகளை (இயந்திரம் படித்துத் தரும் துண்டுகள்) வைத்து அது எந்தப் பாக்டீரியாவுக்குள், எந்தப் பிளாஸ்மிடில் (பாக்டீரியாக்கள் தமக்குள் கைமாற்றும் டிஎன்ஏ வளையம்) உட்கார்ந்திருக்கிறது என்று உறுதியாகச் சொல்வது கடினம். உயிரோடு வளர்கிற காலனி (பிளேட்டில் பெருகிய பாக்டீரியாத் திட்டு) கையில் இருந்தால்தான் எந்த மருந்து வேலை செய்கிறது என்று சோதித்துப் பார்க்க முடியும். எனவே மூன்றில் இரண்டையாவது சேர்த்து எடுங்கள். கல்ச்சரும் (பிளேட்டில் வளர்த்துப் பார்ப்பது) 16எஸ்ஸும் மதுரைச் செலவுக்குத் தாங்கும் கூட்டணி. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட டிரைசைக்கிள் நெறிமுறை இதற்கு நல்ல முதுகெலும்பு. மனிதர், கோழி, சுற்றுச்சூழல் என்ற மூன்றிலும் ஒரே ஒரு குறியீட்டை, அதாவது செஃபோடாக்சிம் போன்ற மருந்துகளைச் சிதைக்கும் இஎஸ்பிஎல் நொதி சுரக்கும் ஈ. கோலை என்ற குடல் பாக்டீரியாவை, அது எண்ணச் சொல்கிறது. வெவ்வேறு ஊர்க் கணக்கை ஒப்பிட முடிவது அதனால்தான்.

அனுமதிக் கடிதங்களை முதல் மாதமே போட்டுவிடுங்கள். சுத்திகரிப்பு நிலையத்தில் மாதிரி எடுக்க மாநகராட்சி ஆணையருக்குக் கடிதம் வேண்டும். மலம், சிறுநீர் என்று மனித மாதிரி தொட்டால் நிறுவனத்தின் நெறிமுறைக் குழு ஒப்புதல் வேண்டும். அந்தக் குழு ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 வழிகாட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் படிக்கும். வெளிநாட்டுக் கூட்டாளி இருந்தால் பாக்டீரியாவை அனுப்புவதற்குச் சென்னையிலுள்ள தேசிய பல்லுயிர் ஆணையத்தின் அனுமதி தனியாக வேண்டும். மனித மாதிரி சேர்ந்த கூட்டாய்வுக்கு ஐசிஎம்ஆர் வழியாகச் சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழுவுக்கும் போக வேண்டும். இவை வரிசையாக அல்லாமல் ஒரே நேரத்தில் நகர வேண்டும்.

இனி ஆற்றுக்கு வருவோம். நகருக்கு மேலே துவரிமான் பக்கம் ஓரிடம், நகரைத் தாண்டி விரகனூர் மதகணை பக்கம் ஓரிடம், நடுவில் பந்தல்குடி வாய்க்கால் வைகையில் சேருமிடத்துக்குக் கொஞ்சம் கீழே ஓரிடம். இந்த மூன்றும் இருந்தால் ஊர் என்ன சேர்க்கிறது என்று தெரியும். வைகையில் பெரிய சிக்கல் ஓட்டம்தான். பல மாதம் நகருக்குள் ஓடுவது பெரும்பாலும் வாய்க்கால் கழிவுநீர்தான். சித்திரைத் திருவிழாவுக்கு அணையைத் திறந்தால் ஒரே நாளில் எல்லாம் கரைந்து எண்ணிக்கை விழுந்துவிடும். அதைப் பார்த்து மருந்தெதிர்ப்பு குறைந்தது என்று எழுதிவிடக் கூடாது. ஒவ்வொரு முறையும் தேதி, நேரம், அணை திறந்திருக்கிறதா, கடைசி மழை எப்போது, நீரின் வெப்பநிலை, கலங்கல், பி.ஹெச். என்று ஒரே படிவத்தில் அங்கேயே எழுதுங்கள். மொத்த எண்ணிக்கையைவிட, எல்லா ஈ. கோலையிலும் எதிர்ப்புள்ளவை எத்தனை பங்கு என்ற விகிதமே ஓட்டம் மாறும்போது நம்பத் தகுந்தது.

500 மி.லி. கொள்ளும், ஆட்டோகிளேவில் கிருமி நீக்கிய பாட்டில். கரையோரத் தேக்கத்தில் எடுக்காமல் ஓடுகிற பகுதியில், ஒரு சாண் ஆழத்தில், வாயை நீரோட்டத்துக்கு எதிராகத் திருப்பி நிரப்புங்கள். குலுக்குவதற்கு மேலே இரண்டு விரல் இடம் விடுங்கள். சுத்திகரிப்பு நிலையத்தின் வெளியேறும் நீரில் குளோரின் இருக்கும். பாட்டிலுக்குள் முன்கூட்டியே குளோரினை முறிக்கும் சோடியம் தயோசல்பேட் போடாவிட்டால், ஆய்வகம் வந்து சேர்வதற்குள் குளோரின் வழியிலேயே பாக்டீரியாவைக் கொன்றுகொண்டிருக்கும். நிலையம் நன்றாக வேலை செய்வதாகத் தப்புக் கணக்கு வரும். 500 மி.லி.க்கு 10 சதவீதக் கரைசலில் 0.5 மி.லி. போதும், ஒரு லிட்டருக்கு 100 மி.கி. என்ற கணக்கு. ஐஸ் பேக் வைத்த பெட்டியில் போட்டு 6 மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்க வேண்டும். பாட்டில் நேராக ஐஸில் படாமல் நடுவில் அட்டை வையுங்கள். மதுரை வெயிலில் மத்தியானம் மாதிரி எடுக்கப் போகாதீர்கள். காலை 6 மணிக்குத் தொடங்கினால் மூன்று இடமும் முடித்துவிட்டு, நகரத்தைக் கடந்து நாகமலைப் பக்கமுள்ள ஆய்வகத்துக்கு வந்து சேர நேரம் இருக்கும்.

ஒவ்வொரு பயணத்திலும் ஒரு கூடுதல் பாட்டில்: ஆய்வகத்திலிருந்தே தூய நீர் நிரப்பிக் கொண்டுபோய், ஆற்றங்கரையில் திறந்து மூடித் திருப்பிக் கொண்டுவாருங்கள். இதுதான் ஃபீல்டு பிளாங்க், கிருமி ஆற்றிலிருந்து வந்ததா நம் கையிலிருந்து வந்ததா என்று காட்டுவது. வீண் வேலை என்று தோன்றும் பழக்கம்தான், ஆனால் கடைசியில் தேர்வாளர் முதலில் கேட்பது இதைத்தான்.

பிளேட் வேலை. டிபிஎக்ஸ் மீடியாவில் (பாக்டீரியா வளர்க்கும் அகர்க் கூழ்) ஈ. கோலை நீலப்பச்சையாக வரும். ஒரு பாதியைச் சும்மாவும், மறுபாதியை செஃபோடாக்சிம் கலந்தும் ஊற்ற வேண்டும். அளவு மி.லி.க்கு 4 மைக்ரோகிராம், அதாவது மி.லி.க்கு 4 மி.கி. உள்ள ஸ்டாக் கரைசல் 1 மி.லி., ஒரு லிட்டர் மீடியாவுக்கு. மீடியா 50 டிகிரிக்கு ஆறியபிறகே கலக்க வேண்டும். சூட்டோடு கலந்தால் மருந்து சிதையும். ஸ்டாக்கைச் சின்னச் சின்ன டியூபில் பிரித்து மைனஸ் 20இல் வையுங்கள், ஒருமுறை உருகியதைத் திரும்ப உறையவிடாதீர்கள். ஊற்றிய ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு மருந்து பிளேட்டில், மருந்துக்கு அடங்கும் ஒப்பீட்டு வகையான ஏடிசிசி 25922 ஈ. கோலையைக் கீறுங்கள், அது வளரக் கூடாது. இன்னொன்றில் இஎஸ்பிஎல் உள்ள கிளெப்சியெல்லா ஏடிசிசி 700603, அது வளர வேண்டும். முதல் தொகுதி ஒன்றில் 25922 தாராளமாக வளர்ந்தது. அந்த வாரத்து எண்ணிக்கை முழுவதையும் தூக்கிப்போட வேண்டியதாயிற்று. இந்த இரண்டு பிளேட் இல்லாதிருந்தால் வைகையில் எல்லாமே மருந்துக்கு அடங்காதவை என்று எழுதியிருப்போம்.

ஆற்று நீரை 0.45 மைக்ரான், 47 மி.மீ. வடிதாளில் வடிகட்டித் தாளை மீடியாமேல் வைக்கிறோம். 10, 1, 0.1 மி.லி. என்று மூன்று அளவு எடுங்கள். ஒரு தாளில் 20 முதல் 80 காலனி வரை உள்ளதை மட்டும் எண்ணுங்கள். சாக்கடை நீருக்கு இன்னும் பல மடங்கு நீர்த்தல் வேண்டும். சும்மா பிளேட்டும் மருந்து பிளேட்டும் ஒரே நீர்த்தலில் எண்ணத்தக்கதாக வராது, அதனால் இரண்டுக்கும் தனித்தனி வரிசை போடுங்கள். நிறம் மட்டும் பார்த்து முடிவு கட்டாமல், எடுத்த காலனிகளை இண்டோல் சோதனையில் உறுதிசெய்யுங்கள்.

பாக்டீரியா தடவிய அகரில் மருந்து தோய்ந்த காகித வில்லையை வைத்து, அதைச் சுற்றி வளராத வட்டத்தை (ஸோன்) அளக்கும் டிஸ்க் சோதனையில்தான் அதிகம் தப்பு நடக்கிறது. முல்லர்-ஹின்டன் அகர் சரியாக 4 மி.மீ. ஆழம் இருக்க வேண்டும், 90 மி.மீ. பிளேட்டுக்கு 25 மி.லி. ஊற்றினால் வரும். மீடியாவை மிச்சம் பிடித்து 15 மி.லி. ஊற்றுவது பல இடங்களில் வழக்கம். அகர் மெலிந்தால் ஸோன் பெரிதாகி, எதிர்ப்புள்ளது அடங்குவதுபோலத் தெரியும். தடவும் பாக்டீரியாக் கரைசலின் கலங்கல் 0.5 மெக்ஃபார்லேண்ட் அளவு, கண்ணால் மதிப்பிடாமல் ஸ்டாண்டர்டு டியூபோடு கோடு போட்ட அட்டைக்கு முன் ஒப்பிட வேண்டும்; கனமாக இருந்தால் ஸோன் சுருங்கும். தயாரித்த 15 நிமிடத்துக்குள் தடவி, அடுத்த 15 நிமிடத்துக்குள் டிஸ்க் வைத்துவிடுங்கள். உறைபெட்டியிலிருந்து எடுத்த டிஸ்க் குப்பியை உடனே திறந்தால் உள்ளே ஈரம் படிந்து மருந்து வீரியம் இழக்கும். அறைச் சூட்டுக்கு வரும்வரை மூடியே இருக்கட்டும். 35 டிகிரியில் 16 முதல் 18 மணி நேரம். ஏடிசிசி 25922க்கு 30 மைக்ரோகிராம் செஃபோடாக்சிம் ஸோன் 29 முதல் 35 மி.மீ.க்குள் வராவிட்டால் அன்றைய மொத்த அளவும் செல்லாது. இஎஸ்பிஎல்லை முடக்கும் கிளாவுலனேட் சேர்த்த டிஸ்கில், சேர்க்காததைவிட ஸோன் 5 மி.மீ. அல்லது அதற்கு மேல் கூடினால் இஎஸ்பிஎல். கடைசிக் கட்ட ஆன்டிபயாடிக்கான கோலிஸ்டினை டிஸ்கில் சோதிக்கவே கூடாது. அந்த மருந்து அகரில் சரியாகப் பரவாது, திரவ மீடியாவில் மருந்தைப் படிப்படியாக நீர்த்துச் சோதிக்கும் பிராத் மைக்ரோடைல்யூஷன்தான் வழி. கோழி, கால்நடைத் தீவனத்தில் கோலிஸ்டினை இந்தியா 2019இல் தடைசெய்தது. கோழி மாதிரி எடுப்பவர்களுக்கு இந்தச் சோதனை அவசியம்.

நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று: சூடாக்க மட்டும் தெரிந்த சாதாரண இன்குபேட்டர் அறைச் சூட்டைவிடக் கீழே இறங்காது. மே மாதம் மின்சாரம் போன மத்தியானத்தில் அறை 38 தாண்டினால் 35 டிகிரி என்பது வெறும் எழுத்துதான். குளிர்விக்கும் வசதியுள்ள பிஓடி இன்குபேட்டர் வேண்டும், உள்ளே தனியாக ஒரு வெப்பமானியும் வேண்டும்.

டிஎன்ஏவுக்கு 0.22 மைக்ரான் தாளில், தாள் அடைக்கும்வரை வடிகட்டி, வடிந்த அளவை எழுதிவைத்து மைனஸ் 80இல் வையுங்கள். பிரிக்கும்போது பீட் பீட்டிங்கைத் தவிர்க்காதீர்கள். கண்ணாடி மணியால் உடைக்காவிட்டால் தடித்த சுவருள்ள கிராம் பாசிட்டிவ் பாக்டீரியாக்கள் கணக்கில் வராது. சாக்கடை டிஎன்ஏவில் டிஎன்ஏவைப் பெருக்கும் பிசிஆரைத் தடுக்கும் ஹியூமிக் பொருள்கள் (மட்கியதிலிருந்து வருபவை) இருக்கும். மாதிரியைப் பத்து மடங்கு நீர்த்துப் பாருங்கள். சிடி மதிப்பு (பெருக்கம் தெரியத் தேவைப்பட்ட பிசிஆர் சுற்றுகள்) சுமார் 3.3 கூடினால் நல்லது, அவ்வளவு கூடவில்லை என்றால் தடை இருக்கிறது. ஒவ்வொரு தொகுதியிலும் மாதிரியே இல்லாத ஒரு டியூபையும் அதே கிட்டில் பிரித்தெடுங்கள். கிட்டிலேயே பாக்டீரியா டிஎன்ஏ ஒட்டியிருக்கும். மலத்தில் அது கண்ணுக்குத் தெரியாது. கண்ணின் மேற்பரப்புபோல நுண்ணுயிர் மிகக் குறைந்த இடத்தில் அதுவே முழு முடிவாகிவிடும்.

சீக்வென்சிங்குக்கு அனுப்பும்போது துவரிமான் மாதிரிகளை ஒரு தொகுதியிலும் விரகனூரை இன்னொன்றிலும் போடாதீர்கள். தொகுதி வேறுபாடு ஆற்று வேறுபாடாக வேடம் போடும். கலைத்துப் போடுங்கள். 16எஸ் மரபணுவில் படிக்கும் வி3-வி4 பகுதி சுமார் 460 பேஸ் (டிஎன்ஏ எழுத்து) நீளம். இரு முனையிலிருந்தும் 250 எழுத்துப் படிக்கும் 2×250 ரீடு எடுத்தால் தரம் குறைந்த முனையை வெட்டியபின் இரண்டு ரீடும் ஒன்றையொன்று தொடாது, 2×300 கேளுங்கள். நிறுவனம் தரும் வண்ணப்படம் போதாது, வெட்டாத மூல ஃபாஸ்ட்க்யூ கோப்பு வேண்டும் என்று பர்ச்சேஸ் ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள்.

மனித மாதிரி எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மூன்று மாதத்தில் ஆன்டிபயாடிக் சாப்பிட்டீர்களா என்று கேட்டால் இல்லை என்பார்கள். மெடிக்கல் கடையில் காய்ச்சலுக்குச் செட் மாத்திரை வாங்கினீர்களா என்று கேளுங்கள், பதில் மாறும். வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரைப் பட்டையைக் காட்டச் சொல்லிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், அந்தப் படத்துக்கும் சேர்த்து ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். ஒப்புதல் படிவம் மதுரைப் பேச்சுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். 'நுண்ணுயிர்த் தொகுதி' என்றால் புரியாது, 'வயிற்றில் வாழும் கிருமிகளில் நல்லதும் உண்டு, மருந்துக்கு அடங்காததும் உண்டு' என்றால் புரியும்.

எழுதும் கட்டத்தில் சொல்ல அதிகமில்லை. பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்க்கும் ஒப்புமைச் சோதனையில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். முறைகள் அத்தியாயம்தான் அதிகம் இடிக்கும், அதைச் சொந்த வார்த்தையில் முதலிலேயே எழுதிவிடுங்கள். ரீடுகளை ஃபரிதாபாத்திலுள்ள இந்திய உயிரியல் தரவு மையத்திலோ அமெரிக்காவின் என்சிபிஐ தரவகத்திலோ ஏற்றி எண் வாங்கியபின் கட்டுரை அனுப்புங்கள். பிளாங்க் மாதிரிகளின் ரீடையும் சேர்த்தே ஏற்றுங்கள்.

வைவா (வாய்மொழித் தேர்வு) முடிந்து கிளம்புமுன் ஒரு வேலை இருக்கிறது. கிளிசராலில் வைத்த பாக்டீரியாக்கள் மைனஸ் 80இல் எந்தப் பெட்டி, எந்த வரிசை, எந்த மாதிரியிலிருந்து, எந்தத் தேதி என்று ஒரு பட்டியல் அச்செடுத்து, ஒரு பிரதியை நெறியாளரிடமும் ஒன்றை உறைபெட்டிக் கதவிலும் வையுங்கள். அடுத்து வருபவர் அதே விரகனூரில் மாதிரி எடுக்கும்போது, ஒப்பிட அந்தப் பெட்டிதான் இருக்கும்.