யாழ்ப்பாணத்திலிருந்து யூகற் உளச்சார்புப் பரீட்சைக்கு ஆயத்தமான அனுபவம்

2024ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சையை உயிரியல் பிரிவில் தமிழ்மொழி மூலம் எழுதி முடித்து, பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளி எப்படி அமையுமோ என்று காத்திருந்த காலத்தில், இலண்டனிலுள்ள மாமாவின் யோசனைப்படி பிரித்தானிய மருத்துவ பீடங்களுக்கும் விண்ணப்பிப்பதென வீட்டில் முடிவாயிற்று. அங்குள்ள பெரும்பாலான மருத்துவ பீடங்கள் கேட்பது யூகற் எனப்படும் உளச்சார்புப் பரீட்சையை. அதில் உயிரியலும் இல்லை, இரசாயனவியலும் இல்லை. பாடமாக்குவதற்கு எதுவுமே இல்லை என்பதுதான் ரியூசனில் வளர்ந்த எங்களுக்கு முதற் சங்கடம்.

2025 முதல், உருவங்களிடையே உள்ள ஒழுங்கைக் கண்டுபிடிக்கும் உருவத் தர்க்கப் பகுதி நீக்கப்பட்டுவிட்டதால், அண்ணாமார் அக்காமார் விட்டுச்சென்ற பழைய பயிற்சிப் புத்தகங்களில் அந்தப் பகுதியைப் புரட்டத் தேவையில்லை. இப்போது இருப்பவை மொழித் தர்க்கம், தீர்மானமெடுத்தல், எண் தர்க்கம், சூழ்நிலைத் தீர்ப்பு ஆகிய நான்கும்தான். உயர்தரத்தில் 50 பல்தேர்வு வினாக்களுக்கு இரண்டு மணித்தியாலம் தருகிறார்கள்; இங்கே மொழித் தர்க்கத்தில் 44 வினாக்களுக்கு 22 நிமிடம், அதாவது ஆங்கிலப் பந்தியை வாசிக்கும் நேரத்தையும் சேர்த்து ஒரு வினாவுக்கு அரை நிமிடம்.

என்னை அதிகம் வாட்டியதும் அந்த மொழித் தர்க்கப் பகுதியே. ஒரு பந்தியைத் தந்து, கூற்றொன்று அந்தப் பந்தியின்படி சரியா, பிழையா, கூற முடியாததா என்று கேட்பார்கள். ஒரு நகரத்தில் மழைக்காலத்துக்குப் பின் டெங்கு நோயாளர் தொகை கூடுகிறது என்று பந்தி சொல்வதாக வைத்துக்கொள்வோம். டெங்கு நுளம்பு பகலில் கடிக்கும் என்பது கூற்றாக வந்தால், யாழ்ப்பாணத்துப் பிள்ளை எவரும் 'சரி' என்றே குறிப்பர். பந்தியில் அப்படி எதுவும் இல்லையாதலால் விடை 'கூற முடியாது' என்பதாகும். தெரிந்ததையெல்லாம் விடைத்தாளில் இறக்கிப் பழகிய கைக்கு இந்தக் கட்டுப்பாடு இலகுவில் வராது. பந்தி முழுவதையும் வாசிக்காமல், முதலில் கூற்றைப் பார்த்து, அதிலுள்ள பெயரையோ ஆண்டையோ பந்தியில் தேடி, அந்த வரியையும் அதன் அயல் வரிகளையும் மட்டும் வாசிக்கும் முறைக்கு மாறிய பிறகே நேரம் கைக்குள் வந்தது. பிழையான விடைக்குப் புள்ளி குறைப்பதில்லை. ஆகவே சிக்கலான வினாவில் ஏதாவதொரு விடையைத் தெரிவுசெய்து, அடையாளமிட்டு, நகர்ந்துவிட வேண்டும்.

எண் தர்க்கத்தில் எங்கள் படிப்பே கைகொடுத்தது. பௌதிகவியலைக் கணிப்பான் இல்லாமலே செய்து பழகியவர்களுக்கு வீதம், விகிதம், அலகு மாற்றம் எல்லாம் மனதிலேயே ஓடும். திரையில் ஒரு கணிப்பான் தரப்படுகிறது. ஆனால் அதைச் சுட்டியால் அழுத்திக்கொண்டிருந்தால் 26 நிமிடத்தில் 36 வினாக்களைக் கடக்க முடியாது. மடிக்கணினியில் எண் பலகை இல்லாததால் யாழ். நகரில் மலிவான விசைப்பலகை ஒன்றை வாங்கிப் பழகினேன். தீர்மானமெடுத்தலில் வரும் வென் வரிப்படமும் நிகழ்தகவும் சாதாரணதரக் கணிதத்துக்கு அப்பால் அதிகம் போவதில்லை.

சூழ்நிலைத் தீர்ப்பு வேறு விதமானது. விசேட வைத்திய நிபுணர் கை கழுவாமல் அடுத்த நோயாளியிடம் போகிறார். அருகில் நிற்கும் மருத்துவ மாணவர் அவருக்கு அதைப் பணிவாக உடனே நினைவூட்டுவது எவ்வளவு பொருத்தம்? 'சேர்' சொன்னால் மறுபேச்சில்லை என்று வளர்ந்த எனக்கு மௌனமே மரியாதையாகத் தோன்றியது. அவர்களது அளவுகோலிலோ நோயாளியின் பாதுகாப்பே முதலிடம் பெறுகிறது. பிரித்தானியப் பொது மருத்துவ மன்றம் வைத்தியர்களுக்கு வெளியிட்டுள்ள வழிகாட்டலை ஆறுதலாக வாசித்தபோது, பயிற்சி வினாக்களால் மட்டும் பிடிபடாத அந்த ஒழுங்கு பிடிபட்டது. உத்தியோகபூர்வ இணையத்தளத்தில் மாதிரிப் பரீட்சைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. பணம் கட்டும் வகுப்புகளுக்கு முன் அவற்றை முடிப்பதே புத்தி.

பதிவு செய்யும்போது பெயரில் கவனம் வேண்டும். பாடசாலைச் சான்றிதழில் முதலெழுத்தாக நிற்கும் தகப்பனின் பெயர் கடவுச்சீட்டில் முழுதாக வரும். பரீட்சை நிலையத்தில் நான் காட்டியது கடவுச்சீட்டையே. அதில் உள்ளபடியே பதிவதுதான் பாதுகாப்பு. 2025இல் பிரித்தானியாவுக்கு வெளியே எழுதுவோருக்குக் கட்டணம் 115 பவுண். அதை அட்டை மூலம் இணையத்தில் செலுத்த வேண்டும். நான் எழுதியது கொழும்பில். இரவு பஸ்ஸில் போய் இறங்கியவுடன் எழுதலாம் என்று எண்ணாமல், முதல் நாளே போய் வெள்ளவத்தையில் உறவினர் வீட்டில் தங்கியது நல்லதாயிற்று.

பெறுபேறு 24 மணித்தியாலத்துக்குள் பதிவு செய்த இணையக் கணக்கில் வந்துவிடும். முதல் மூன்று பகுதிகளுக்கும் சேர்த்து 900 முதல் 2700 வரை புள்ளி. சூழ்நிலைத் தீர்ப்புக்கு மட்டும் நான்கு தரங்கள், அவற்றுள் முதலாவதே சிறந்தது. ஓராண்டில் ஒரு தடவைதான் எழுதலாம் என்பதால், வந்த புள்ளியை வைத்துக்கொண்டே ஒவ்வொரு பல்கலைக்கழகமும் அதற்கு எவ்வளவு மதிப்புத் தருகிறது, தமிழ்மொழி மூல உயர்தரத்தை ஏற்கிறதா, எந்த ஆங்கிலப் பரீட்சையைக் கேட்கிறது என்று பார்த்து, பிரித்தானியப் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் மருத்துவத்துக்கு அனுமதிக்கப்படும் நான்கு தெரிவுகளையும் ஒக்டோபர் 15க்கு முன் நிரப்பி அனுப்பினேன்.