அன்னம் நீந்தும் தட்டு

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் ஸ்விங்கர் மாளிகைக்குப் போனது ஓவியம் தீட்டிய பழைய பீங்கான்களைப் பார்க்கத்தான். கடைசியில் நான் அதிக நேரம் நின்றது, தூரத்தில் வெறும் வெள்ளையாகத் தெரிந்த ஒரு தட்டின் முன்னால்.

'அன்னத் தொகுப்பு' என்ற விருந்துப் பாத்திரத் தொகுப்பில் ஒன்று அது. டிரெஸ்டனைத் தலைநகராகக் கொண்டிருந்த சாக்சனி நாட்டின் அமைச்சர் ஹைன்ரிஷ் ஃபான் ப்ரூலுக்காக, 1737 முதல் 1742 வரை பக்கத்து ஊரான மெய்சனின் பீங்கான் பட்டறையில் செய்த தொகுப்பு. மொத்தம் 2,200 உருப்படிகளுக்கு மேல்! நேரே நின்று பார்த்தால் விளிம்பில் குலச்சின்னம், அங்கங்கே சின்னச் சின்னப் பூக்கள், ஒரு தங்கக் கோடு, அவ்வளவுதான். ஓரடி பக்கவாட்டில் நகர்ந்தேன். வெளிச்சம் சாய்வாக விழுந்ததும் தட்டு முழுக்கச் சிப்பியின் வரிகள் எழும்பின. நடுவில் இரண்டு அன்னங்கள், பக்கத்தில் நாணல், நாணலுக்குள் ஒரு நாரை. எதிலும் துளி வண்ணம் இல்லை. எல்லாமே மெல்லிய புடைப்பு.

சுவர் இருந்தால்தான் சித்திரம் என்போம். இங்கே சுவரே சித்திரமாகிவிட்டது.

இதை வடித்தவர்களில் முதன்மையானவர் கேண்ட்லர் என்ற சிற்பி. அவருக்கு முன் மெய்சனில் கை ஓங்கியிருந்தவர், 1720இல் வியன்னாவிலிருந்து வந்த ஓவியர் ஹெரோல்ட். அவர் காலத்துக் கோப்பைகள் பக்கத்துக் கூடத்தில் இருக்கின்றன. சீனக் கோப்பை மாதிரியே கைப்பிடி இல்லாதவையும் உண்டு. குட்டிச் சீன மனிதர்கள் தேநீர் காய்ச்சுகிறார்கள், மீன் பிடிக்கிறார்கள். ஓவியம் படர வேண்டுமென்றால் பரப்பு வழுவழுப்பாக இருக்க வேண்டும், அதனால் வடிவம் அடங்கி நிற்கிறது. கேண்ட்லரிடம் எல்லாம் தலைகீழ். ஓவியம் விளிம்போரம் ஒதுங்கிக்கொள்கிறது. எனக்குக் கேண்ட்லர் பக்கம்தான் மனம் சாய்ந்தது.

மறுநாள் ரயிலில் மெய்சன். அங்கே செய்முறைக் கூடத்தில் ஒரு பெண் 'வெங்காய வடிவம்' என்ற நீலச் சித்திரத்தை ஒரு தட்டில் தீட்டிக்கொண்டிருந்தார். ஊசித்துளையிட்ட தாளை வைத்துக் கரித்தூள் தட்டுகிறார், புள்ளிக்கோடுகள் விழுகின்றன. அப்புறம் கோபால்ட் என்ற உலோகத்தின் நிறமி தோய்த்த தூரிகை. ஒருமுறை மட்டும் சுட்ட பீங்கான் நீரைச் சட்டென்று உறிஞ்சிவிடும், தவறினால் அழிக்க வழியில்லை. அவர் கை ஒரு இடத்திலும் தயங்கவில்லை. அப்போது அந்த வண்ணம் மங்கலாகத்தான் இருக்கிறது. மேலே மெருகு பூசி, சுமார் 1,400 டிகிரியில் சுட்ட பிறகுதான் நாம் அறிந்த அந்த நீலம் பிறக்கிறது. சூளையில் பாத்திரம் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு சுருங்கும் என்பதால், வடிக்கும்போதே பெரிதாக வடிக்கிறார்கள்.

வெங்காயம் என்று பெயரே தவிர அதில் வெங்காயம் கிடையாது. சீன ஓவியங்களில் இருந்த மாதுளையும் பீச் பழமும்தான் ஐரோப்பியர் கண்ணுக்கு அப்படித் தெரிந்திருக்கின்றன. நடுவே ஒரு மூங்கில் தண்டு. அதன் அடியில் நீல நிறத்தில் குறுக்காக இரண்டு வாள்கள், மெய்சனின் முத்திரை. 1888க்குப் பிறகு செய்த தட்டுகளில் அது இப்படி முகப்பிலேயே இருக்கும். அதைத் தேடிப் பார்ப்பது ஒரு தனி சுகம்.

ஊர் திரும்பும் நாளில் மறுபடி ஸ்விங்கருக்குப் போனேன். அதே தட்டு. இந்த முறை இடது பக்கமாக நின்றேன். அன்னங்களுக்கு மேலே, முதல் நாள் என் கண்ணில் படாத இன்னொரு நாரை பறந்துகொண்டிருந்தது.